பாலியல் குற்றத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு

பாலியல் குற்றத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு என்பது, பாலியல் வன்கொடுமை, பாலியல் தொல்லை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றுக்காக விசாரணை நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை மேல் நீதிமன்றம் மீண்டும் ஆராயும் சட்ட நடைமுறையாகும். இந்தியாவில் இது தண்டிக்கப்பட்டவருக்குச் சட்டம் தந்துள்ள உரிமை. விடுதலைத் தீர்ப்பால் பாதிக்கப்பட்டவருக்கும் 2009 முதல் இத்தகைய உரிமை உண்டு. 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973 இதனை நெறிப்படுத்தியது. அந்த நாள் முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 2023 நடைமுறையில் உள்ளது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, மேல்முறையீட்டின் அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை.

மேல்முறையீடு என்றால் வழக்கு முதலிலிருந்து மறுபடி நடக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறு. பொதுவாக மேல் நீதிமன்றத்தில் சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. கீழ் நீதிமன்றத்தில் எழுதப்பட்ட சாட்சியமும் குறியிடப்பட்ட ஆவணங்களுமே அங்கே வழக்கு. முதல் விசாரணையில் கேட்கப்படாத கேள்வி, இணைக்கப்படாத சான்றிதழ், சரியாக முத்திரையிடப்படாத உறை ஆகிய ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பையே புரட்டிப்போடக்கூடும்.

உத்திரமேரூரிலிருந்து செல்லும் வழி

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு கிராமத்தில் குற்றம் நடந்ததாக வைத்துக்கொண்டால், மேல்முறையீடு எங்கே செல்லும் என்பது முதல் தீர்ப்பை யார் வழங்கினார் என்பதைப் பொறுத்தது. பாலியல் தொல்லை போன்ற, ஒப்பீட்டளவில் குறைந்த தண்டனைக்குரிய குற்றங்களை நீதித்துறை நடுவர் விசாரிப்பார். அவர் வழங்கும் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு மாவட்டத்தின் அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். பாலியல் வன்கொடுமை வழக்குகள் அமர்வு நீதிமன்றத்தில், பெரும்பாலும் மகிளா நீதிமன்றத்தில் நடைபெறும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பாதிக்கப்பட்ட வழக்குகள் போக்சோ சிறப்பு நீதிமன்றத்தில் நடைபெறும். இவற்றின் தீர்ப்புகளை எதிர்த்து நேரே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும். தென் மாவட்டங்களின் வழக்குகளுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் சென்னை அமர்வின் எல்லைக்குள் வருகிறது.

உயர் நீதிமன்றத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம். அங்கே எல்லாருக்கும் உரிமையாக நுழைவு கிடையாது. கீழ் நீதிமன்றத்தின் விடுதலையை உயர் நீதிமன்றம் மாற்றி மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ பத்தாண்டுக்குக் குறையாத சிறையோ விதித்திருந்தால் மட்டுமே உரிமையாக முறையிடலாம். மற்றவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 136ஆம் உறுப்பின்படி சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் அந்த வாசலிலேயே தள்ளுபடியாகின்றன. ஆகவே உத்திரமேரூர்க்காரர் ஒருவருக்கு உயர் நீதிமன்ற மேல்முறையீடே நடைமுறையில் கடைசி முழுமையான வாய்ப்பு எனலாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சாட்சிகள் தமிழில் பேசுகிறார்கள், வாக்குமூலங்கள் தமிழில் பதிவாகின்றன. உயர் நீதிமன்றத்தில் வாதமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் அமைகின்றன. கிராமத்துப் பெண் ஒருவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்லப் பயன்படுத்திய மறைமுகமான சொற்கள், ஆங்கிலத்துக்குப் போகும்போது கூடியோ குறைந்தோ ஒலிக்கலாம். ‘கெடுத்துவிட்டான்’ என்பதும் ‘தப்பா நடந்துக்கிட்டான்’ என்பதும் சட்டத்தின் எந்தப் பிரிவைக் குறிக்கின்றன என்று வாதிடுவது இத்தகைய மேல்முறையீடுகளில் புதிதல்ல. விசாரணையின்போதே அதைத் தெளிவுபடுத்தும் கேள்வியை அரசு வழக்கறிஞர் கேட்டிருந்தால் அந்த வாதத்துக்கு இடமே இருக்காது.

காலக்கெடுவும் சட்ட உதவியும்

காலவரையறைச் சட்டம், 1963இன்படி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாட்களும் அமர்வு நீதிமன்றத்தில் செய்ய 30 நாட்களும் உண்டு. மரண தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் 30 நாட்களே. தீர்ப்பின் நகலைப் பெறுவதற்கு ஆன நாட்கள் கணக்கில் சேராது. கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரலாம். சிறையில் இருப்பவர் விஷயத்தில் நீதிமன்றங்கள் இதில் பொதுவாகக் கடுமை காட்டுவதில்லை.

சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பு அறிவிக்கப்பட்ட உடனேயே அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். சிறையில் இருப்பவர் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறை அதிகாரியிடம் மனுவைக் கொடுத்து மேல்முறையீடு செய்யலாம். சிறை அதிகாரி அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். காவலில் உள்ள எவரும், வருமானம் எதுவாக இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி இலவச வழக்கறிஞரைப் பெறத் தகுதியுடையவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இதே உரிமை உண்டு என்பதால் பாதிக்கப்பட்டவர் தரப்பும் இதனைப் பயன்படுத்தலாம். வட்ட அளவிலான சட்டப் பணிகள் குழு, மாவட்ட ஆணைக்குழு, உயர் நீதிமன்றக் குழு என்று மூன்று படிகளில் இந்த அமைப்பு இயங்குகிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம்.

வழக்கறிஞர் வராததைக் காரணம் காட்டி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் பானி சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆவணங்களைப் படித்துத் தகுதி அடிப்படையிலேயே முடிவு சொல்ல வேண்டும். நிலத்தை அடகு வைத்து வழக்கறிஞர் கட்டணம் செலுத்திவிட்டு, பிறகு தொடர முடியாமல் விட்டுவிடும் குடும்பங்களுக்கு இது முக்கியமான பாதுகாப்பு.

மேல் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது

மேல் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்யலாம், குறைக்கலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம், விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கும் அனுப்பலாம். தேவையென்று கருதினால் கூடுதல் சாட்சியத்தைப் பதிவுசெய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. ஆனால் அது அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. குற்றவாளியின் மேல்முறையீட்டிலேயே தண்டனையை உயர்த்திவிட முடியாது. அதற்கு அரசு தனியாக முறையிட வேண்டும், அல்லது நீதிமன்றம் தானாக முன்னறிவிப்புக் கொடுத்து அவரது விளக்கத்தைக் கேட்க வேண்டும்.

பாலியல் குற்ற வழக்குகளில் நேரில் பார்த்த சாட்சி இருப்பது அபூர்வம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பகமாக இருந்தால் வேறு ஆதரவுச் சான்று இல்லாமலேயே தண்டிக்கலாம் என்பது 1996ஆம் ஆண்டின் குர்மித் சிங் வழக்குத் தீர்ப்பால் உறுதிப்பட்ட நெறி. அந்தச் சாட்சியம் தொடக்கம் முதல் இறுதிவரை மாறாத, மாசற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்று 2012இல் ராய் சந்தீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மேல்முறையீட்டு வாதங்களில் பெரும்பகுதி இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு இடையில்தான் நடக்கிறது. அரசுத் தரப்பு முதல் தீர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், தண்டிக்கப்பட்டவர் தரப்பு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். புகார் தர ஏன் தாமதம், முதல் தகவல் அறிக்கையில் சொன்னதும் நடுவரிடம் சொன்னதும் பொருந்துகின்றனவா, மருத்துவ அறிக்கை என்ன சொல்கிறது என்ற கேள்விகள் எழும்.

தாமதத்துக்கு மட்டும் நீதிமன்றங்கள் பெரிதாக எடை தருவதில்லை. குடும்ப மானம், ஊர்ப் பேச்சு, குற்றம் சாட்டப்பட்டவரின் செல்வாக்கு ஆகியவை ஒரு கிராமத்தில் எப்படி வாயை அடைக்கும் என்பதை நீதிபதிகள் அறிவார்கள். மருத்துவப் பரிசோதனையின் பெயரால் நடந்த ‘இரு விரல் சோதனை’ உச்ச நீதிமன்றத்தால் 2013இலேயே கண்டிக்கப்பட்டது. ஆயினும் அது தொடர்வதை 2022 ஏப்ரலில் ஒரு போக்சோ மேல்முறையீட்டை விசாரித்த மதுரைக் கிளை கவனித்து, அதைத் தடைசெய்யத் தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டது.

வயது என்னும் அச்சாணி

போக்சோ வழக்கு முழுவதும் வயதின்மேல் நிற்கிறது. பதினெட்டுக்குக் கீழ் என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வயதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது என்பது மேல்முறையீட்டில் உயிர்நாடியாகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசையைத் தருகிறது. முதலில் பள்ளி வழங்கும் பிறந்த தேதிச் சான்று அல்லது தேர்வு வாரியச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லாதபோது எலும்பு வளர்ச்சிச் சோதனை.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் போக்சோ தண்டனையை ரத்து செய்தது. அரசுத் தரப்பு காட்டியது பள்ளி மாற்றுச் சான்றிதழ் மட்டுமே. அது 94ஆம் பிரிவு கேட்கும் ஆவணம் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. மருத்துவர் கூறிய வயது 18க்கும் 20க்கும் இடையில் இருந்தது. பிறப்புச் சான்றிதழை வாங்கி வழக்கில் சேர்க்கக் காவல்துறைக்குச் சில நாட்கள் போதுமாக இருந்திருக்கும். வீட்டில் பிறந்து, பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாக ஒரு தேதி எழுதப்பட்ட குழந்தைகள் கிராமப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், இந்தத் தீர்ப்பு புலனாய்வு அதிகாரிகள் நினைவில் வைக்க வேண்டியது.

இதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 9 அன்று, வேறொரு தமிழ்நாட்டு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் எடுத்த முடிவு விவாதத்துக்கு உள்ளானது. போக்சோ சட்டத்தில் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டவர் பெண்ணின் தாய்மாமன். பின்னர் அவரையே மணந்து இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அப்பெண், தன் இல்வாழ்க்கையைக் கலைக்க வேண்டாம் என்று கூறியிருந்தார். தாய்மாமனை மணக்கும் தமிழ்நாட்டு வழக்கத்தைக் குறிப்பிட்ட நீதிமன்றம், தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தண்டனையை ரத்து செய்தது. தண்டனையிலிருந்து தப்புவதற்காகவே திருமணம் நடந்தது என்ற அரசுத் தரப்பின் எதிர்ப்பு ஏற்கப்படவில்லை. இதனை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் தீர்ப்பு சொல்கிறது. அதை நம்பி, ‘கல்யாணம் செய்து வைத்துவிட்டால் வழக்கு போய்விடும்’ என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது சட்டப்படி எந்தப் பாதுகாப்பும் தராது.

முகலிவாக்கம் வழக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பொறுத்தவரை மேல்முறையீட்டின் பொருளை உணர்த்தும் வழக்கு முகலிவாக்கம் வழக்கே. சென்னையின் விளிம்பில் உள்ள அப்பகுதி அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2017 பிப்ரவரி 5 அன்று அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒரு சிறுமி காணாமற்போனாள். எரிக்கப்பட்ட நிலையில் அவளது உடல் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைது செய்யப்பட்டார். தமிழ்நாடே கொதித்தது. இடையில் பிணையில் வந்த அவர் மீது, அவரது தாயைக் கொன்றதாகவும் வழக்குப் பதிவானது. அந்த வழக்கில் அவர் 2025இல் விடுவிக்கப்பட்டார்.

சிறுமி வழக்கின் விசாரணை செங்கல்பட்டு மகிளா நீதிமன்றத்தில் நடந்தது. குற்றச்சாட்டுகள் 2017 அக்டோபர் 24 அன்று வனையப்பட்டன. 2018 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. நான்கு மாதத்துக்குள் மரண தண்டனை. விரைவான நீதி என்று அன்று பலரும் பாராட்டினர். மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது, குற்றவாளி முறையிடாவிட்டாலும் வழக்கு அங்கே சென்றாக வேண்டும். அவ்வாறு சென்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2018 ஜூலை 10 அன்று தண்டனையை உறுதிசெய்தது.

உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 8 அன்று அவரை முற்றிலுமாக விடுவித்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அடங்கிய அமர்வின் தீர்ப்பு அது. அந்த அமர்வு முதலில் பார்த்தது விசாரணை நடந்த முறையை. குற்றச்சாட்டு வனையப்பட்ட நாளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டதே டிசம்பர் 13 அன்றுதான். அதன்பின் சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. மரண தண்டனைக்குரிய வழக்கைப் படித்துத் தயாராக அந்த அவகாசம் போதாது. தீர்ப்பு வந்த அதே நாளில் தண்டனையும் அறிவிக்கப்பட்டது. மரண தண்டனை விதிக்கும் முன் குற்றவாளியின் பின்னணி, மனநிலை, சிறை நடத்தை ஆகியவற்றை ஆராய வேண்டும் என்ற நெறி பின்பற்றப்படவில்லை.

பிறகு அமர்வு சான்றுகளுக்கு வந்தது. நேரடிச் சாட்சி இல்லாத வழக்கு. சூழ்நிலைச் சான்றுகள் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோத்து நிற்க வேண்டும். சிறுமியுடன் அவரைக் கடைசியாகப் பார்த்ததாகக் கூறிய சாட்சியம் நம்பத்தக்கதாக இல்லை. கண்காணிப்புக் கேமராவில் அவர் தென்பட்டதாகச் சொல்லப்பட்டது, ஆனால் அந்தப் பதிவு முறைப்படி மெய்ப்பிக்கப்படவில்லை. அவரது வாக்குமூலத்தின் பேரில் பொருட்கள் மீட்கப்பட்டதாகச் சொன்னதில் ஐயம் எழுந்தது. மரபணு, தடய அறிவியல் மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றன என்ற தொடர்ச்சியும் நிறுவப்படவில்லை. சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் படித்தது ஒரே தாள்களைத்தான். ஒன்று தூக்கை உறுதிசெய்தது, மற்றது விடுதலை செய்தது. ஏழரை ஆண்டுக்குமேல் மரண தண்டனையின் நிழலில் ஒருவர் இருந்தார். மறுபுறம், ஒரு குழந்தை கொல்லப்பட்டது என்பதில் ஐயமில்லை, அதற்கு இன்று சட்டத்தின் கண்ணில் குற்றவாளி யாருமில்லை. 2017இல் ஒரு வழக்கறிஞரை இரண்டு மாதம் முன்னதாக நியமித்திருந்தாலோ, ஒரு கேமராப் பதிவை ஒழுங்காகக் கைப்பற்றியிருந்தாலோ முடிவு எப்படி அமைந்திருக்கும் என்ற கேள்விக்குப் பெற்றோருக்கு இனி யாரும் பதில் சொல்ல இயலாது. அவசரம் பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் உதவி அல்ல என்பதை இந்த வழக்கைவிடக் கடுமையாக எடுத்துக்காட்டிய வழக்கு தமிழ்நாட்டில் வேறில்லை.

விரைவும் நிலைத்த தீர்ப்பும் சேர்ந்து வருவதும் உண்டு. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்குப் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2002இலும் உச்ச நீதிமன்றம் 2005இலும் அதை உறுதிசெய்தன. அந்த முதல் தீர்ப்பை எழுதிய ஆர். பானுமதி பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2012 தில்லிப் பேருந்து வழக்கின் மரண தண்டனையை 2017இல் உறுதிசெய்த அமர்விலும் இருந்தார்.

தண்டனை நிறுத்திவைப்பு

மேல்முறையீடு பதிவாவதால் மட்டும் தண்டனை நின்றுவிடாது. தனியே மனுச் செய்து, மேல்முறையீடு முடியும் வரை தண்டனையை நிறுத்திவைக்கவும் பிணை வழங்கவும் கோர வேண்டும். பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமெனில் அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்பு தர வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு ‘நிரபராதி என்ற ஊகம்’ விலகிவிடுகிறது. ஆகவே விசாரணைக் காலப் பிணையைவிட இது கடினம். பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தம் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. குற்றவாளி பிணையில் வந்து அதே தெருவில் குடியிருக்கப் போகிறார் என்ற நிலை கிராமங்களில் இயல்பானது. ஊருக்குள் நுழையக் கூடாது, குடும்பத்தினரை அணுகக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் இதுவே.

மூன்றாண்டுக்கு மிகாத தண்டனையெனில், ஏற்கெனவே பிணையில் உள்ளவருக்கு முறையிட அவகாசம் தந்து விசாரணை நீதிமன்றமே தண்டனையை நிறுத்திவைக்கலாம். முன்னாள் சிறப்பு காவல்துறைத் தலைமை இயக்குநர் ராஜேஷ் தாஸ் வழக்கில் இதைக் காணலாம். பெண் காவல் அதிகாரி ஒருவர் 2021இல் அளித்த பாலியல் தொல்லைப் புகாரில், விழுப்புரம் தலைமை நீதித்துறை நடுவர் 2023 ஜூன் 16 அன்று அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தார். அவகாசம் கிடைத்தது. விழுப்புரம் அமர்வு நீதிமன்றம் 2024 பிப்ரவரி 12 அன்று அவரது மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன்பின் உயர் நீதிமன்றத்தில் இருப்பது மேல்முறையீடு அல்ல, சீராய்வு. அதன் வீச்சு மிகக் குறுகியது.

தண்டனையை நிறுத்துவதும் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்துவதும் வேறுவேறு. முதலாவது கிடைத்தாலும் பதவி இழப்பும் தேர்தல் தகுதியின்மையும் தொடரும். பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டவர் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் சிறைக்காலம் முழுவதும், விடுதலைக்குப் பின் ஆறாண்டும் போட்டியிட முடியாது. உத்திரமேரூரின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலைக்குத் தகுதியற்றவர்களின் பட்டியலில் முறைதவறிய பாலுறவு கொண்டவரையும் சேர்த்திருக்கின்றன. அதற்குக் கழுவாய் செய்துகொண்டாலும் தடை வாழ்நாள் முழுதும் நீங்காது என்பது சபையின் முடிவு. இன்றைய சட்டம் அந்த ஊரின் பழைய சபையைவிட இரக்கமுள்ளது.

பாதிக்கப்பட்டவரின் மேல்முறையீடு

2009 டிசம்பர் 31 முதல், விடுதலைத் தீர்ப்பு, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்று காரணங்களுக்காகப் பாதிக்கப்பட்டவர் நேரடியாக மேல்முறையீடு செய்யலாம். இதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டியதில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் அவர் முறையிட முடியாது. அது அரசின் பொறுப்பு. விடுதலையை மாற்றுவதும் எளிதன்று. விடுதலையானவருக்கு நிரபராதி என்ற ஊகம் இரட்டிப்பாகிறது என்பதால், இரண்டு விதமான முடிவுக்கும் இடமிருந்தால் மேல் நீதிமன்றம் தலையிடாது.

இந்த உரிமை இல்லாத காலத்தில் நடந்தது மகாராட்டிரத்தின் மதுரா வழக்கு. காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருத்தி காவலர்களால் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1974இல் அமர்வு நீதிமன்றம் விடுதலை அளித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 1976இல் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் 1978இல், அவள் உடலில் காயமில்லை என்பதைச் சுட்டி, மறுபடி விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் போராட்டமாக வளர்ந்து, 1983ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்துக்கு வித்திட்டது. காவலில் நடந்த வன்கொடுமையில், உடலுறவு மெய்ப்பிக்கப்பட்டபின் பெண் சம்மதிக்கவில்லை என்று சொன்னால் நீதிமன்றம் அதையே ஊகமாகக் கொள்ள வேண்டும் என்ற விதி அவ்வாறு வந்தது.

மேல்முறையீட்டில் பாதிக்கப்பட்டவரின் பெயரோ அடையாளமோ வெளியாகக் கூடாது என்ற தடை தொடர்கிறது. கிராமத்தில் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால், தீர்ப்பைப் பற்றிச் செய்தி எழுதுவோர் பெயரை மாற்றினால் மட்டும் போதாது.

வாச்சாத்தி: பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு

பாலியல் வன்கொடுமைக்கான தண்டனையை எதிர்த்த மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. புதிய சன்ஹிதாவிலும் இது உண்டு. நடைமுறை வேறு. தருமபுரி மாவட்டம் அரூர் அருகே உள்ள வாச்சாத்தி மலைவாழ் மக்களின் வழக்கு இதற்குச் சான்று.

1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்தக் கிராமத்துக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை 269 பேர் மீது குற்றம் சாட்டியது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர், அவர்களுள் 17 பேர் பாலியல் வன்கொடுமைக்காக.

குற்றவாளிகளின் மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கிடந்தன. இறுதியில் விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், தாள்களை மட்டும் படித்து அமையாமல், 2023 மார்ச் 4 அன்று வாச்சாத்திக்கே நேரில் சென்று இடங்களைப் பார்த்தார், மக்களைச் சந்தித்தார். மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் ஒரு மலையடிவாரக் கிராமத்துக்குப் போவது வழக்கத்தில் இல்லாதது. முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு நிறைந்த 2023 செப்டம்பர் 29 அன்று அவர் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். சம்பவக் காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் தீர்ப்பு கூறியது. சம்பவம் நடந்தபோது பள்ளி வயதில் இருந்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது நாற்பதைக் கடந்திருந்தனர்.